கண்ணீர் ஜெபம்

"எனக்குக் காய்ச்சல் அடிச்சப்போ மாடிப்படி ஏறி வந்து ஒரு தம்ளர் வெந்நீர் குடுத்தீங்களாக்கா?"

"உனக்காக உருகி உருகி ஜெபம் பண்ணினேனே."

"அந்த ஜெபத்தைக் குடிச்சா தாகம் அடங்குமா?"

அன்றோடு ஓரகத்திகளுக்குள் பேச்சுவார்த்தை முறிந்தது. இப்போது மூத்தவள் கால் முறிந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். உயிரே போனாலும் மாடி வீட்டுக்காரியிடம் எதையும் கேட்பதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரோடு ஆண்களும் பெண்களுமாகச் சபையே திரண்டு வந்து கட்டிலைச் சூழ்ந்துகொண்டது. மூன்றாவது பாட்டில் அவள் முகம் சிவந்தது. ஜெபம் நீண்டபோது உதட்டைக் கடித்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"சிஸ்டரைக் கர்த்தர் தொடுறார். இன்னொரு பாட்டு பாடுவோம்" என்றார் போதகர். பாடினார்கள்.

"உங்களுக்காகப் பாரத்தோட ஜெபிப்போம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கிளம்ப, கணவரும் அவர்களை வழியனுப்பத் தெருமுனை வரை போய்விட்டார்.

வாசலில் இளையவள் வந்து நின்றாள்.

"இந்தச் சத்தத்துல என் பிள்ளை தூங்கலை. சண்டை போடத்தான் வந்தேன்."

மூத்தவளின் முகத்தைப் பார்த்ததும் கட்டிலருகே வந்தாள்.

"இது பக்தியில வந்த அழுகை மாதிரி தெரியலையே. முறைக்கிறதை அப்புறம் வெச்சுக்கலாம். என்ன வேணும், சொல்லித் தொலைங்க."

மூத்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"முதல் பாட்டுலயே முட்டிக்கிட்டு வந்துடுச்சு. என்னைத் தாங்கிப் பிடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போடி."