வெள்ளத்தில் தூங்கியவள்

“ராத்திரி பூரா முழிச்சிருக்கா டாக்டர். கிளாஸ்ல தூங்கி வழியறா. எல்லாம் போன் பண்ற வேலை,” என்றார் ஜமீர்.

பத்தாவது படிக்கும் அவர் மகள் கைனாத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“போனைப் பிடுங்கி வச்சு ஒரு மாசம் ஆச்சேங்க,” என்றாள் அவர் மனைவி பரிதா, மெதுவாக.

“சின்ன வயசுல நல்லாத் தூங்குவாளா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

ஜமீருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதை ஏன் கேக்கறீங்க! ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல எங்க முடிச்சூர் வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. எல்லாரும் மாடிக்கு ஓடிட்டோம். தண்ணி கட்டிலைத் தொட்டும் மேடம் எழுந்திருக்கலையே! எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சொந்தக்காரங்க இந்தக் கதையைக் கேட்டுச் சிரிப்பாங்க.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “இவளை மட்டும் கீழே விட்டுட்டா போனீங்க?”

“நான் கைக்குழந்தையைத் தூக்கிட்டேன். இவளை அவர் தூக்கியிருப்பார்னு நினைச்சேன்,” என்றாள் பரிதா.

“நான், இவ தூக்கியிருப்பான்னு...” ஜமீர் பாதியில் நிறுத்தினார். “மாடி வீட்டுக்காரர்தான் போய்த் தூக்கிட்டு வந்தார்.”

“நான் தூங்கல அத்தா,” என்றாள் கைனாத். “முழிச்சுக் கூப்பிட்டேன். வீட்ல யாருமே இல்ல. இப்பவும் கண்ணை மூடினா, முழிக்கும்போது நீங்க இருப்பீங்களான்னு பயமா இருக்கு.”

ஜமீரால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“இதை ஏம்மா இத்தனை நாளாச் சொல்லல?” என்றார் டாக்டரம்மா.

“அத்தா அந்தக் கதையைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க டாக்டர். நானும் சேர்ந்து சிரிச்சிடுவேன்.”