பாத்திரம் சொன்ன வார்த்தை

புத்த பிக்கு ஒருவர் உச்சிவேளைக்கு முன்பே சாப்பிட்டுவிடுவார். நாளைக்கென்று ஒரு பருக்கைகூட எடுத்துவைக்காமல், பிச்சைப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

அன்றைக்கு அவர் தண்ணீர் ஊற்றியபோது, பாத்திரத்துக்குள் ஒரு சித்தெறும்பு வெல்லக்கட்டியைக் கவ்விக்கொண்டு நின்றது. தன் பிள்ளைகளுக்கென்று எடுத்த கட்டி. எறும்பு மேலே ஏற ஏற, கட்டியின் கனம் கீழே இழுத்தது.

“தங்கச்சி, அதை விடு,” என்றது பாத்திரம்.

எறும்புக்குச் சிரிப்பு வந்தது. ‘ஆசை, துக்கம் என்று பிக்கு மணிக்கணக்காகச் சொல்லியே நான் மசியவில்லை. இது ஒரே வார்த்தையில் முடிக்கப் பார்க்கிறதே!’

தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது.

“விடு தாயி!”

எறும்பு விட்டது. உடம்பு லேசாகி, ஒரே ஓட்டத்தில் விளிம்புக்கு வந்து சேர்ந்தது.

“அக்கா, பிக்கு தினமும் சொல்வதும் இதுதானா?” என்று மூச்சு வாங்கியபடி கேட்டது.

“இதேதான்.”

“அடேயப்பா! இத்துனூண்டு வார்த்தைக்குள்ளே இவ்வளவு இடமா?”

வளைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டன. “எங்களுக்கு என்னம்மா கொண்டுவந்தே?”

“உங்க அம்மாவைக் கொண்டுவந்திருக்கேன், போதாதா?” என்றது எறும்பு.