மீசைக்கு ஒரு கூலர்

"விரலை எடுத்துடாதே! எடுத்தா மொத்தமும் கொட்டிடும்!"

அவன் போட்ட சத்தத்தில் அவள் கட்டைவிரலை இன்னும் அழுத்தினாள். அப்படியும் சிவப்பாக ஒரு கோடு அவள் மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வரை ஓடி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"என்னங்க, நிக்கவே மாட்டேங்குது!"

"பதறாதே. ரெண்டே நிமிஷம்."

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் கையை நீட்டி ரப்பர் குழாயைச் செருகினான். கிளிப்பைத் திருகி இறுக்கிய பிறகுதான் அவள் விரலை எடுத்தாள். ஷெட் தரையில் ஏதோ கொலை விழுந்த மாதிரி சிவப்புக் கியர் ஆயில் பரவிக் கிடந்தது.

"மணி என்ன?"

"நாலரை."

"ஆறு மணிக்கு உங்க அண்ணன் வேலை விட்டு இந்தத் தெரு வழியாத்தான் போவான். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கணும். கூலர் மாட்டறதைப் பார்த்தான்னு வை, ஊரையே கூட்டிடுவான்."

வம்பு போன மாதம் ஆரம்பித்தது. அவனும் அவன் மச்சானும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே வெள்ளை நிறத்தில் ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர்கள். மச்சான் வீடு மாறியபோது ஆளுக்கொரு டிரெய்லர் நிறையச் சாமானை இழுத்துக்கொண்டு மலைச்சாலையில் ஏறினார்கள். பாதி வழியில் கியர் ஆயில் கொதித்து இரண்டு காருமே படுத்துவிட்டன.

எது முதலில் படுத்தது என்பதில் பேச்சு தடித்தது. நாளைக் காலை அதே பாரத்தோடு மறுபடி ஏறிப் பார்த்துவிடுவது, எவன் கார் நிற்கிறதோ அவன் நின்ற இடத்திலேயே மீசையை எடுத்துவிடுவது என்று பந்தயம்.

அவனுடையது சும்மா ஒப்புக்கு வளர்ந்த மீசை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஆறு வருடமாக, "குத்துதுங்க, எடுத்துடுங்களேன்" என்று அவள் கெஞ்சியும் ஒரு முடி குறையாத மீசை. அதைக் காப்பாற்றத்தான் இந்தத் திருட்டு வேலை. கியர் ஆயில், ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்தக் கூலருக்குள் நுழைந்து, காற்றில் ஆறி, மறுபடி கியர்பாக்ஸுக்குத் திரும்பும். எத்தனை பாரம் இழுத்தாலும் கொதிக்காது.

காலையில் பஸ்ஸில் வேலைக்குப் போனவன் மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தான். வந்து பார்த்தால், காரைச் சுவரோடு ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி, முன் பம்பரைக் கழற்றித் திருப்பிச் சாய்த்து வைத்திருந்தாள். எண்ணெய்க் கை படாமலிருக்க உள்ளே சீட்டு முழுக்கப் பழைய போர்வை வேறு.

"கூடப்பிறந்தவனை விட்டுட்டு என் பக்கம் நிக்கறியே..." காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "உன்னைப் போய் நான் என்னென்னவோ திட்டியிருக்கேன்."

"உங்க மீசை விஷயத்துல நான் சும்மா இருப்பேனா?"

வெளியே உருண்டு வந்தவன் எழுந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் முட்டி ஸ்டியரிங்கில் போய் இடித்தது.

"ஐயோ! யாரு சீட்டை இவ்வளவு முன்னாடி தள்ளி வச்சது?"

"நான்தாங்க. பின்னாடி பெருக்கினேன்."

முட்டியைத் தேய்த்துக்கொண்டே இன்ஜினை ஓடவிட்டான். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு எடுத்தான். அவள் முன்பக்கம் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்லைங்க!"

கொட்டிய அளவுக்குப் புது ஆயிலை ஊற்றி, அளவுகோலைத் துடைத்து இரண்டு தடவை பார்த்தான். அப்புறம் அவள் கையைப் பிடித்துக் குழாய்களின் மேல் வைத்தான்.

"தொட்டுப் பாரு. கூலருக்குள்ள போறது சுடுதா? வெளியே வர்றது?"

"வெதுவெதுன்னு இருக்கு."

"அதான் வித்தை! நாளைக்கு உங்க அண்ணன் மூஞ்சியைப் பாக்கணுமே. மீசை இல்லாம உரிச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும்!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள், முடியவில்லை. டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன்னுகூடப் பார்க்காம இப்படிச் சிரிக்கிறியே! பொல்லாதவடி நீ."

"மீசை இல்லாத மூஞ்சியை நினைச்சேனா, அடக்கவே முடியலைங்க!"

அவன் பம்பரைத் தூக்கப் போனான். அவள் சட்டென்று எழுந்து குறுக்கே நின்றாள்.

"கழட்டினவளுக்கு மாட்டத் தெரியாதா? நாலு திருகுதானே. நீங்க போய்க் குளிங்க. இந்தக் கோலத்துல வாசல்ல நின்னா, பார்க்கிறவங்க போலீஸைக் கூப்பிட்டுடுவாங்க. சிவப்பெல்லாம் போற வரைக்கும் நல்லா தேய்ங்க, அரை மணி நேரமானாலும் பரவாயில்லை."

அவன் மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு உள்ளே போனான். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம், அதற்கு மேலாக அவன் பாட்டு.

ஐந்தே நிமிடத்தில் பம்பர் ஏறிவிட்டது. போர்வைகளை உருவி எடுத்துவிட்டு, அவள் போனைக் காதில் வைத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, லீவு சொல்லிட்டுத் தெருமுனையிலதானே நிக்கறீங்க? உங்க வண்டி ரெடி. அவர் குளிச்சு முடிக்கிறதுக்குள்ள எங்க வண்டியைக் கொண்டாந்து விட்டுட்டு, உங்களுதை எடுத்துட்டுப் போயிடுங்க!"