நான்காவது வட்டம்

பேராசிரியர் குராஹாஷி பலகையில் மூன்று கணங்களை வட்டங்களாக வரைந்தார்.

"தனியா இருக்கிறவங்க, வேலையில்லாதவங்க, சொந்தம் விட்டுப்போனவங்க. நம்ம ஆய்வுல, மூணு வட்டமும் வெட்டிக்கிற இடத்துல இருந்த பெரியவங்க எல்லாரும் கேட்க நாதியில்லாம செத்துட்டாங்க. அரிமுரா மட்டும் எப்படிம்மா உயிரோட இருக்கார்? நாலாவது வட்டம் ஏதோ இருக்கு. கேட்டுட்டு வா."

ஆய்வு மாணவி மிஹோகோ ஒசாகாவின் ஒரு பழைய அடுக்குமாடிக்குப் போனாள். முகச்சவரம் செய்து, தேநீர் போட்டு வைத்துக் காத்திருந்தார் அரிமுரா.

"பூனை ஏதாவது வளர்க்கிறீங்களா, ஐயா?"

"எனக்குச் சோறு வைக்கவே சோம்பல்."

"நண்பர்கள்?"

"எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு."

"அப்போ எதுக்காகத்தான் காலையில எழுந்திரிக்கிறீங்க?"

அவர் வெட்கத்தோடு சிரித்தார். "மாசாமாசம் நீ கேள்வி கேக்க வர்றியேம்மா. வர்ற அன்னைக்கு நான் செத்துக் கிடந்தா, பயந்துட மாட்டே?"

மிஹோகோவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஐயா... இந்தக் கேள்வியோட ஆய்வு முடிஞ்சிடுச்சு. அதையும் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"அப்படியா? நல்லது."

அவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் கொட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

வாசலில் காலணியை மாட்டிய மிஹோகோ, அதைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போனாள்.