ஈரத் துண்டு

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவர் எண்பது வயதுத் தாயார். பின்னாலேயே கையை வீசிக்கொண்டு, போனில் எதையோ பார்த்துச் சிரித்தபடி வந்தான் மகன். அறுபதைத் தாண்டியவன், தலையில் மட்டும் கறுப்புச் சாயம் பளபளத்தது.

முதியோர் இல்லத்து மேட்ரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவளைக் கொண்டுவந்து தள்ளுகிற பிள்ளைகளை அவள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. பெட்டியையும் தாய் கையிலேயே கொடுத்துக் கூட்டிவருகிற பிள்ளையை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

வரவேற்பறையில் மின்விசிறிக்கு அடியில் கிடந்த ஒரே நாற்காலியில் அவன் பொத்தென்று உட்கார்ந்தான். சாவியால் காதைக் குடைந்தான். குடைந்ததை நாற்காலிக் கைப்பிடியில் தடவினான். சீ, இதெல்லாம் ஒரு ஜென்மமா என்று மேட்ரன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க இப்படி உக்காருங்கம்மா" என்று தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இங்க மூணு விதமா வெச்சிருக்கோம். மொதலாவது தனி ரூம். சாப்பாடு நாங்க தருவோம், மத்ததெல்லாம் அவங்கவங்க பாத்துக்கணும். ரெண்டாவதுல குளிக்க, துணி மாத்த, எல்லாத்துக்கும் கூடமாட ஆள் இருக்கும். மூணாவது, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு."

"ரெண்டாவதுதான் வேணும்," என்றார் தாயார், யோசிக்காமல். "ஆள் இல்லாம ஒரு நாள் ஓடாது."

பார்க்கத் தெம்பாகத்தானே இருக்கிறார் என்று மேட்ரன் நினைத்தாள். ஆனால் வீட்டுக்குள் என்ன பாடோ, யார் கண்டது.

தேநீர் வந்தது. மகனின் கோப்பையை வாங்கிச் சர்க்கரை போட்டுக் கலக்கி, சூடு ஆற்றி, அவன் கையில் கொடுத்தார் தாயார். அவன் உறிஞ்சிய சத்தம் அடுத்த அறைவரைக்கும் கேட்டிருக்கும். சட்டையெல்லாம் பிஸ்கட் தூள். அதைத் தட்டிவிட்டதும், கீழே விழுந்த அவன் சாவியைச் சட்டென்று குனிந்து எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றார் தாயார் தயங்கித் தயங்கி. "குளிச்ச ஈரத் துண்டக் கட்டில் மேலயே போட்டா, யாராவது எடுத்துக் காயப்போடுவாங்களா?"

"போடுவாங்கம்மா."

"சாப்பிட்ட தட்டு?"

"அதையும் எடுத்துடுவாங்க."

"கூப்பிட்ட உடனே ஆள் வரலேன்னா கத்தல் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும். யாரும் திட்டமாட்டாங்களே?"

மேட்ரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வயசானா எல்லாரும் அப்படித்தாம்மா. நாங்க பொறுத்துப்போம்."

அப்போதுதான் மகன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "இன்னும் ஒரு மாசம் பாக்கலாமேம்மா. என்ன இருந்தாலும் நம்ம வீடு மாதிரி வருமா?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். மேட்ரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாயார் இங்கே வந்த கையோடு வீட்டை விற்று ஏப்பம் விடப்போகிறான், அதற்கு முன்னால் ஒரு கரிசனம்.

"அதெல்லாம் முடிவு பண்ணியாச்சு. பேசாம இரு," என்றார் தாயார்.

பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். மகன் மேல் பழி வராமல் எப்படிக் காப்பாற்றுகிறார் பார். அவனோ மூக்கை உறிஞ்சிப் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். நிஜக் கண்ணீர். அதைப் பார்த்ததும் மேட்ரனுக்கு மிச்சமிருந்த பொறுமையும் போய்விட்டது.

"நடிப்ப நிறுத்துங்க சார். நான் இப்படிப் பேசக்கூடாதுதான், மேல சொல்லி என் சீட்ட வேணும்னாலும் கிழிச்சுக்கங்க. இந்த வயசுல பெட்டிய அவங்க தூக்கறாங்க, டீய அவங்க ஆத்தித் தர்றாங்க. பாக்கவே அருவருப்பா இருக்கு. கடைசி காலத்துல அவங்க வீட்ல அவங்கள நிம்மதியா இருக்க விட உங்களுக்கு மனசே வரலல்ல?"

மகன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். தாயார் மேட்ரன் பக்கம் திரும்பினார்.

"இதத்தான் நானும் இவன்கிட்ட தலபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார்.

மேட்ரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் கையில் எடுத்தாள். "வாங்கம்மா, ரூமக் காட்டறேன். உங்க பெட்டிய நான் தூக்கிட்டு வர்றேன்."

தாயார் இடத்தைவிட்டு நகரவில்லை.

"அது அவன் பெட்டிம்மா. ரூமும் அவனுக்குத்தான். எனக்கு வீடு இருக்கு."