சுவருக்கு அந்தப் பக்கம் அறுபது வாட்

காம்பராவில் இருந்த சுவிட்சையெல்லாம் மிப்ரான் அணைத்துவிட்டான். மெயின் மட்டும்தான் போட்டபடி இருந்தது. ஆனாலும் மீட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்த லயம் அது, ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய ஓரறை வீடுகள். மற்றக் காம்பராக்களையெல்லாம் விழுங்கிய மலை, கடைசிக் காம்பராவின் சுவரில் வந்து சாய்ந்து நின்றுவிட்டது. ஆபத்தான வயர்களை வெட்டிவிடச் சொல்லி பதுளையிலிருந்து அவனை அழைத்திருந்தார்கள். விடிந்தும் விடியாமலும் வந்துவிட்டான்.

அந்தக் கடைசிக் காம்பரா புஸ்பலதாவினுடையது. போகாதே என்று எல்லோரும் தடுத்தும் கேளாமல் அவள் மட்டும் திரும்பி வந்து குடியிருந்தாள்.

சுவரின் மேல்மூலையில் ஓர் ஓட்டை. அதன் வழியே ஒரு வயர் அந்தப் பக்கம் நுழைந்திருந்தது.

"இது எங்க போற வயர் அக்கா?"

"தங்கச்சி வீட்டுக்கு. தவமணிக்கு கரண்ட் கெடைக்கல, நம்ம லைன்லருந்து இழுத்துக் குடுத்தோம். லயத்துல எல்லாரும் செய்றதுதானே? அத மட்டும் வெட்டிறாதீங்க தம்பி."

அந்தப் பக்கம் வெறும் செம்மண். வயர் அறுந்து ஈரத்தில் கிடக்கும், கரண்ட் கசியும், மிதித்தவர் கதை முடிந்தது. வெட்டத்தான் வேண்டும்.

எதற்கும் கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிப் பார்த்தான்.

0.26 அம்பியர். வோல்ட் இருநூற்று முப்பது. பெருக்கினால் அறுபது வாட். வகுத்தால் தடை எண்ணூற்று எண்பத்தைந்து ஓம்.

மண்ணுக்குள் கசிகிற கரண்ட் ஒரு நிலையில் நிற்காது, ஏறும், இறங்கும். இது ஆணி அடித்த மாதிரி நின்றது.

எங்கோ ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"குண்டு பல்பு," என்றாள் புஸ்பலதா. "எல்.ஈ.டி. போடுடின்னா கேக்க மாட்டா. மகாராணிக்கு மஞ்ச வெளிச்சம்தான் வேணுமாம்."

அவன் கையிலிருந்த மீட்டரில் எண் குதித்தது.

4.6 அம்பியர். தடை ஐம்பது ஓமுக்கு விழுந்துவிட்டது. ஆயிரத்து ஐம்பத்தெட்டு வாட். பல்போடு, தண்ணீர் சுட வைக்கிற கம்பி ஒன்றும் சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு வரும்.

"கேத்தலப் போட்டுட்டா."

மிப்ரான் மீட்டரை வயரிலேயே தொங்கவிட்டான்.

"அக்கா! உள்ளுக்கு யாரோ உசிரோட ஈக்காங்க! தோண்டச் சொல்லணும்!"

வாசலுக்குப் பாய்ந்தவனை அவள் மறித்தாள்.

"எதுக்குத் தோண்டணும்? அப்பவே தோண்டி அந்த வீட்டு நாலு பேரையும் எடுத்தாச்சு. தவமணிய நாந்தான் குளிப்பாட்டி, சீல கட்டி அனுப்புனேன். அப்புறம்தான் மண்ணு திரும்ப வந்து மூடிக்கிச்சு."

அவன் வெட்டுக் குறட்டை எடுத்தான். வயரருகே கொண்டுபோனான். கை அதற்குமேல் போகவில்லை.

எண் மறுபடி 0.26க்கு இறங்கியது.

"தேத்தண்ணி ஆயிருச்சு," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "கொஞ்சம் பொறுங்க தம்பி. பெரட்டுக்குப் போறப்ப அவளே நிப்பாட்டிருவா."

மேட்டில், ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதியது.

மீட்டரில் பூஜ்யம்.

புஸ்பலதா கொழுந்துக் கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். போகிற போக்கில் சுவரை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"நில்லுடி, நானும் வாரேன்."