அசுரனுக்கு ஒரு முகம்

அன்றைக்கும் எதிர்வீட்டில் ஸ்டான்லி கத்துவது கேட்டது. செங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அடுப்பில் கொதிக்கும் சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

“இன்னாடா, பொண்டாட்டிய கொன்னுடுவியா?” என்று கதவைத் தள்ளினாள்.

கண்ணை உருட்டி, வாயைப் பிளந்தபடி சிலையாக நின்றான் ஸ்டான்லி. ஹெலன் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பவேயில்லை.

“வாய மூடாதீங்க, பல்லு இன்னும் முடியல,” என்றாள் அவனிடம். “நாவலூர் கேம் கம்பெனில நாளைக்கு அசுரன் வரஞ்சு காட்டணும்க்கா. நெட்டுல பாடம் பாத்தே கத்துகினேன். கோவத்த நேர்ல பாத்து வரையணுமாம். வேல எனக்குத்தான், பாருங்க.”

செங்கம்மாளுக்கு வந்ததே கோபம்! “அடிப்பாவி! இதுக்கா நான் சோத்த அடிபுடிக்க வுட்டுட்டு ஓடியாந்தேன்?”

ஹெலன் சட்டென்று திரும்பி அந்த முகத்தைப் பார்த்தாள்.

“நீங்க போய் அக்கா வூட்டு அடுப்ப அணைங்க,” என்றாள் புருஷனிடம். “அக்கா, அப்படியே அசையாம நில்லுங்க!”